முஷ்டியும் கணக்கும்: கிரஹாம் ‘பாலி’ ஃபார்மரின் ஆட்ட வாழ்வு – ஒரு மறுவாசிப்பு

கிரஹாம் ‘பாலி’ ஃபார்மரை (1935–2019) அறிமுகப்படுத்துவோர் பெரும்பாலும் ஹேண்ட்பாலில்தான் தொடங்குவார்கள். ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் ஹேண்ட்பாலைக் கண்டுபிடித்தவர் அவரே என்பார் சிலர். சற்று நிதானமானவர்கள் அதில் புரட்சி செய்தவர் என்பார்கள். முதல் கூற்று பிழை. இரண்டாவது உண்மைதான். ஆனால் புரட்சி எதில் நடந்தது என்பதை அது சொல்வதில்லை. அதைச் சொல்லாமல் விட்டதால், பல ஆண்டுப் பயிற்சியின் விளைவு பிறவி வரமாகப் பார்க்கப்பட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆட்டத்தின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் வாதம் புரியும். நீள்வட்ட மைதானம், முட்டை வடிவப் பந்து, அணிக்கு 18 பேர். பந்தைக் கையால் எறிவது குற்றம். உதைக்கலாம், அல்லது ஒரு கையில் ஏந்தி மறுகையின் முஷ்டியால் குத்தி அனுப்பலாம். இந்தக் குத்துதான் ஹேண்ட்பால். ஃபார்மர் ஆட வந்த 1950களில் அதைப் பெரும்பாலும் வேறு வழியற்ற நேரத்தில்தான் பயன்படுத்தினார்கள். எதிரி பிடித்துவிட்டான், உதைக்க இடமில்லை என்றால் பக்கத்தில் நிற்பவனிடம் தள்ளிவிடுவார்கள். ரக்மன் எனப்படும் நெடிய ஆட்டக்காரரின் வேலையும் அன்று குறுகியதாகவே இருந்தது. நடுவர் பந்தைத் தரையில் அடித்து மேலெழுப்பும்போது எதிரணி ரக்மனோடு மோதி எழும்பி, கீழே காத்திருக்கும் சிறிய ஆட்டக்காரர் பக்கம் பந்தைத் தட்டிவிட வேண்டும். அதோடு அவர் பணி முடிந்தது.

ஃபார்மர் இந்த இரண்டையும் ஒன்றாக்கினார். அவர் உயரம் சுமார் 191 செ.மீ.; ரக்மனுக்கு அது பெரிய உயரமல்ல. அதனால் எதிராளிக்கு ஒரு கணம் முன்பே எழும்பி, அவன் உடலையே படிக்கட்டாகப் பயன்படுத்திக்கொண்டார். பந்தைத் தட்டுவதோடு நிற்காமல், முடிந்தபோதெல்லாம் பிடித்தார். தரையில் கால் ஊன்றுமுன்பே, ஓடிவரும் கூட்டாளி எங்கிருப்பான் என்று கணித்து, அவன் பாதையில் முன்கூட்டியே பந்தைக் குத்தி அனுப்பினார். அந்தக் குத்து வெகுதூரம் சென்றது. பின்னர் அவர் ஆடிய, விக்டோரிய லீகின் ஜீலாங் அணியில் கூட்டாளி பில்லி காகின் அதை ஓட்டத்திலேயே வாங்கிக்கொள்வார். தற்காப்புக்கான கடைசிப் புகலிடம் இவ்வாறு தாக்குதலின் முதல் அடியாயிற்று. குத்து பழையது, அதை யார், எந்த இடத்திலிருந்து, எந்தக் கணத்தில் குத்துகிறார் என்பதுதான் புதியது.

அவருக்கு முன்னோடிகளும் உண்டு. மேற்கு ஆஸ்திரேலிய லீகின் கிழக்கு பெர்த் அணியில் அவரோடு ஆடிய டெட் கில்மரே, விரித்த கையால் பந்தைத் தட்டி அனுப்பும் ‘ஃபிளிக்’ முறைக்குப் பேர்பெற்றவர். பின்னாளில் விதி அதைத் தடைசெய்தது. மெல்பர்னில் லென் ஸ்மித் என்ற பயிற்றுநரும், நிற்காமல் ஆடு, கையால் கொடு என்று வலியுறுத்திவந்தார். ஆகவே காலம் கனிந்திருந்தது. விக்டோரிய லீகின் 1970 இறுதியாட்டத்தில் பாதி நேரத்தில் 44 புள்ளிகள் பின்தங்கியிருந்த கார்ல்டன், பயிற்றுநர் ரான் பராசியின் கட்டளைப்படி ஹேண்ட்பாலை நம்பி ஆடி, காலிங்வுட்டை 10 புள்ளிகளில் வென்றதை ஃபார்மரின் நேரடி வாரிசுச் செயலாகச் சொல்வதுண்டு. நேர்க்கோடு போடுவது எளிது. ஆனால் பல ஓடைகள் கலந்த ஆற்றுக்கு ஒரே ஊற்றைக் காட்டுவது வரலாறாகாது.

எனில் ஃபார்மருக்கே உரியது எது? முறைமை. கார்களின் திறந்த ஜன்னல் வழியே பந்தைக் குத்திப் பழகினார் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். அதில் எவ்வளவு மெருகேறியிருந்தாலும், அது சொல்வது குறிவைத்துப் பழகிய ஒருவரைப் பற்றி. இதைவிட வலுவான சான்று எதிரணியிடம் இருக்கிறது. 1961 மேற்கு ஆஸ்திரேலிய இறுதியாட்டத்தில் ஸ்வான் டிஸ்ட்ரிக்ட்ஸ் அணியின் பயிற்றுநர் ஹெய்டன் பன்டன் (இளையவர்), ஃபார்மரைச் சுதந்திரமாக எழும்பவிடாமல் தடுப்பதற்கென்றே கீத் ஸ்லேட்டர், ஃபிரெட் காசல்டைன் என்னும் இருவரை வைத்து வியூகம் வகுத்து வென்றார். மந்திரத்துக்கு எதிராக வியூகம் வகுக்க முடியாது, முறைக்கு எதிராகத்தான் முடியும்.

இதை வற்புறுத்தக் காரணம் உண்டு. ஃபார்மர் நூங்கார் பழங்குடி வம்சாவளியினர். பெர்த்தின் குவீன்ஸ் பார்க்கில் இருந்த சிஸ்டர் கேட்ஸ் இல்லத்தில் வளர்ந்தார். 1933இல் தொடங்கிய அந்த இல்லம், கலப்பு வம்சாவளிப் பழங்குடிக் குழந்தைகளை வெள்ளைச் சமூகத்துக்குள் கரைக்கும் அரசுக் கொள்கையோடு பிணைந்தது. கில்மரேயும் அங்கு வளர்ந்தவரே. பழங்குடி ஆட்டக்காரர்களை ‘மாயம்’, ‘உள்ளுணர்வு’ என்ற சொற்களால் புகழ்வது ஆஸ்திரேலிய விளையாட்டு எழுத்தின் நெடுநாள் வழக்கம். கேட்கப் பாராட்டாகத்தான் இருக்கும். ஆனால் அது அறிவை ஒருவருக்கும் உடலை மற்றவருக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. ‘கண்டுபிடித்தார்’ என்ற சொல்லும் இங்கே அதே வேலையைச் செய்கிறது. திடீரென்று தோன்றிய ஒன்றுக்குப் பின்னால் உழைப்பைத் தேட யாரும் முனைவதில்லை. அந்த உழைப்பைப் பயிற்றுநராகவும் அவர் காட்டினார். ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் இருந்து மேற்கு பெர்த்தை 1969, 1971 ஆகிய இரு ஆண்டுகளிலும் பட்டம் வெல்ல வைத்தார். இரு முறையும் தோற்றது அவருடைய பழைய கிழக்கு பெர்த். 1973 முதல் 1975 வரை ஜீலாங்கின் பயிற்றுநர். விக்டோரிய லீகில் அப்பொறுப்பேற்ற முதல் பழங்குடியினர் அவர். அங்கே பெரிய வெற்றி கிட்டவில்லை.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். கிழக்கு பெர்த்துக்காக 176, ஜீலாங்குக்காக 101, மேற்கு பெர்த்துக்காக 79: மொத்தம் 356 கழக ஆட்டங்கள். ஆனால் விக்டோரிய லீகே 1990இல் ஏஎஃப்எல் (ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்) எனப் பெயர் மாற்றிக்கொண்டதால், அதன் பதிவேடு மட்டுமே தேசிய ஏடாயிற்று. அந்த ஏட்டில் ஃபார்மருக்கு 101தான். 1962இல் ஜீலாங்குக்கான முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயம்; மறு ஆண்டு ஹாதார்னை 49 புள்ளிகளில் வீழ்த்திப் பட்டம். (அடுத்த பட்டத்துக்கு ஜீலாங் 2007 வரை காத்திருந்தது.) 1967இல் ரிச்மண்டிடம் 9 புள்ளிகளில் இறுதியாட்டத் தோல்வி, பிறகு பெர்த்துக்குத் திரும்புதல். ஆறு ஆண்டுக் கதை. கிழக்கு பெர்த்தின் சிறந்த ஆட்டக்காரராக ஏழு முறை தேர்வானதும், 1956, 1958, 1959 பட்டங்களும் அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கின்றன. மேற்கு ஆஸ்திரேலிய லீகின் சிறந்த ஆட்டக்காரருக்கான 1957 சாண்டோவர் பதக்கத்தில் ஜாக் கிளார்க்குடன் சம வாக்குப் பெற்றும், சமனை உடைக்கும் விதியால் அது கைநழுவியது. 1997இல் அவருக்கும் பதக்கம் வழங்கப்பட்டது. நாற்பது ஆண்டு கழித்து மாறியது ஆட்டமல்ல, எண்ணும் முறை. ஏட்டின் போதாமையை லீகே ஒருவகையில் ஒப்புக்கொண்டது எனலாம்: 1996இல் அறிவித்த நூற்றாண்டு அணியின் ரக்மனாக, அந்த 101 ஆட்டக்காரரையே தேர்ந்தெடுத்தது.

எந்த ஏடும் எண்ணாத ஒன்றும் உண்டு. எதிராளியின் உடல் மீதேறிப் பந்தைப் பிடிப்பது, மோதலைத் தேடிச் செல்லும் ஆட்டமுறை. இறுதிக் காலத்தில் மறதி நோயோடு வாழ்ந்த ஃபார்மர் 2019 ஆகஸ்டில், 84ஆம் வயதில் இறந்தார். அவர் மூளையைக் குடும்பத்தினர் ஆய்வுக்குக் கொடுத்தனர். 2020 பிப்ரவரியில் சிட்னியைச் சேர்ந்த மைக்கேல் பக்லேண்டின் ஆய்வுக் குழு, தலையில் திரும்பத் திரும்ப விழும் அடிகளோடு தொடர்புடைய சிடிஇ என்னும் மூளைச் சிதைவு அதில் இருந்ததை அறிவித்தது. ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து ஆட்டக்காரர் ஒருவரிடம் இந்நோய் உறுதிசெய்யப்பட்டது அதுவே முதல் முறை. பரிசோதகரின் கண்ணாடித் தகட்டில் கிழக்கு பெர்த் எது, ஜீலாங் எது, மேற்கு பெர்த் எது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. 356 ஆட்டங்களும் அங்கே ஒன்றாகவே பதிந்திருக்கின்றன.