ஏடு காத்த கைகள்

தில்லைத் திருக்கோயிலில் பூட்டிக் கிடந்த அறையொன்றில், கறையான் புற்று மூடியிருந்த தேவார ஏடுகளை நம்பியாண்டார் நம்பியின் துணைகொண்டு இராசராச மன்னன் மீட்ட வரலாற்றை மெய்யன்பர் அறிவர். மண்ணாய்ப் போனவை எத்தனையோ! இன்று நாம் ஓதும் மூவர் தேவாரம் ஏறத்தாழ 800 பதிகங்களே.

பனையோலை நெடுங்காலம் நில்லாது. அது நொய்ந்து போகுமுன் மற்றொருவர் எழுத்தாணி பிடித்துப் படியெடுப்பார். நூல்கள் அவ்வாறே பிழைத்தன. அச்சு வந்தபின் அத்தொண்டு மெல்ல மறைந்தது, ஏடுகள் பாரமாயின. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏடுகளைத் தேடிச் சென்ற டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள், அவை நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இடப்பட்டன என்று கேட்டு நெஞ்சம் நொந்ததைத் தம் சரித்திரத்தில் எழுதியுள்ளார். பகைவர் செய்ததன்று, சாத்திரம் என்று நம்பியோர் செய்தது. அதுவே நம்மைப் பெரிதும் வருத்துகின்றது.

பகையால் நேர்ந்த அழிவும் உண்டு. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாதவை அன்றோடு ஒழிந்தன. அந்நாட்டின் துன்பம் தீராதிருந்த 2005ஆம் ஆண்டிலே, ‘நூலகம்’ என்னும் பெயரால், தன்னார்வத் தொண்டர்களின் உழைப்பே முதலாக, ஈழத்து நூல்களைக் கணினிப் படிகளாக்கி இணையத்தில் ஏற்றும் பணி தொடங்கிற்று. இன்று பல்லாயிரம் ஆவணங்கள் அதில் உள்ளன.

ஓலைக்கும் இம்முறை ஏற்றதே, பெரும்பொருளும் வேண்டுவதில்லை. தூசி துடைத்து, எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவி இளக்கி, மங்கிய எழுத்தின்மேல் விளக்குக் கரி பூசித் துடைத்தால் எழுத்துத் துலங்கும். பின்னர் இருபுறமும் படம்பிடித்து, அப்படிகளை வெவ்வேறு ஊர்களில் வைத்தல் வேண்டும். ஓரிடத்தில் மட்டும் வைத்தால் தில்லை அறையின் கதைதான். மூல ஏடோ உடையவர் வீட்டிலேயே இருக்கும். பரண்மேல் உள்ள பத்ததிச் சுவடியைப் பிறர் கையில் தர அஞ்சும் குருக்கள்மார்க்கு இஃதோர் ஆறுதல்.

புதுச்சேரியில் 1955ஆம் ஆண்டு தோன்றிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், கோயில்களிலும் குருக்கள் இல்லங்களிலும் ஆகமச் சுவடிகளைத் திரட்டினர். அந்நகரிலுள்ள சுமார் 11,000 சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. ஆயினும் படம் எடுத்தல் பாதி வேலையே. கிரந்த எழுத்தைத் தடையின்றிப் படிப்போர் அருகி வருகின்றனர். பண்டிதர் என். ஆர். பட் அவர்கள் அந்நிறுவனத்தில் பதிப்பித்த ரௌரவாகமத்தின் முதற்பகுதி 1961இல் வெளிவந்தது. ஏடுகளை ஒப்புநோக்கிப் படிக்க வல்லார் அன்று அருகில் இருந்தமையால் அது கைகூடிற்று.