பேரேட்டில் தெரிவதும் தெரியாததும்

1906 அக்டோபர் 22 அன்று மதராசின் அர்பத்நாட் கம்பெனி கதவை மூடியது. பணம் போட்டிருந்தவர்கள் அதன் கணக்குப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. லண்டன் கூட்டு நிறுவனத்தில் பணம் கரைந்த கதை பிறகுதான் வெளிவந்தது. சர் ஜார்ஜ் அர்பத்நாட் 18 மாதம் கடுங்காவல் பெற்றார். பணம் இழந்தோர் தரப்பில் வாதாடிய மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர், 1907-இல் இந்தியன் வங்கி தோன்ற முன்னின்றார்.

இன்றைய கிரிப்டோ நாணயங்களின் பேரேடு அப்படிப் பூட்டிக் கிடப்பதில்லை. 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் சந்தையின் ஈத்தரியம் பணப்பையிலிருந்து சுமார் 23 கோடி டாலர் பெறுமான நாணயங்கள் களவு போயின. ஈதர்ஸ்கேன் தளத்தில் அந்த முகவரியை இட்டால் எந்த நாணயம், எத்தனை, எந்த நிமிடம் வெளியேறியது என்பதை யாரும் படிக்கலாம். ஷிபா இனுதான் பெரும்பங்கு. திருடியவர்கள் அவற்றை ஈதராக மாற்றி, டொர்னேடோ கேஷ் என்னும் கலப்புச் சேவைக்குள் செலுத்தினார்கள். தடம் அங்கே மங்குகிறது. முகவரிக்குப் பின்னால் இருப்பது யார் என்பதைப் பேரேடு சொல்லாது. வட கொரியாவின் கை என்று அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா மூன்றும் அறிவித்தது 2025 ஜனவரியில்.

ஆனால் நம்மூர் வழக்கு வேறொரு நாணயத்தைப் பற்றியது. சென்னை வங்கிக் கணக்கிலிருந்து 1,98,516 ரூபாய் செலுத்தி ஒருவர் வாங்கிய 3,532.30 எக்ஸ்ஆர்பியும் சந்தையில் முடக்கப்பட்டது. எக்ஸ்ஆர்பிக்குத் தனிப் பேரேடு உண்டு. ஈத்தரியத்தில் நடந்த களவு அதைத் தொடவில்லை. பொதுக் கருவிகளால் இந்த வேறுபாட்டைச் சரிபார்க்கலாம். அதற்கு மேல் அவை உதவா. சந்தைகள் பொதுவாக வாடிக்கையாளர் எல்லாருடைய எக்ஸ்ஆர்பியையும் ஒரே முகவரியில் வைத்து, ஆளுக்கொரு எண் தருகின்றன. அந்த எண் யாருடையது என்ற குறிப்பு நிறுவனத்தின் சொந்தப் புத்தகத்தில். 1906-இன் பூட்டு இங்கே திரும்பி வந்துவிடுகிறது!

இழப்பை எல்லாப் பயனர்களுக்கும் பகிர்வது நிறுவனத்தின் திட்டம். 2025 அக்டோபர் 25 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அதை இவ்வழக்கில் ஏற்கவில்லை. கிரிப்டோ நாணயம் சொத்துதான், பிறருக்காகப் பொறுப்பில் வைத்திருக்கத் தக்கது என்றார். நடுவர் விசாரணை முடியும்வரை 9.56 லட்சம் ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம் தரவோ, அத்தொகையைத் தனிக் கணக்கில் செலுத்தவோ உத்தரவிட்டார்.