ரேணுகாவின் அப்பா

மதுரையிலிருந்து திருமங்கலம் போகும்போது தோப்பூர் காசநோய் ஆஸ்பத்திரி கண்ணில் பட்டால் எனக்குத் தாகூர் ஞாபகம் வரும். என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா?

1902 நவம்பரில் தாகூரின் மனைவி மிருணாளினி இறந்துபோனார். கொஞ்ச நாளில் மகள் ரேணுகாவுக்குக் காசநோய் முற்றியது. வயசு 12. அப்போ அதுக்கு மருந்தே கிடையாது, மலைக்காத்துதான் வைத்தியம். 1903-ல் அவளை இமயமலையில் இருக்கும் அல்மோராவுக்குக் கூட்டிட்டுப் போனார்.

நோயாளி மகளோட இருந்த அந்த நாட்களில்தான் 'சிசு' தொகுப்பின் குழந்தைக் கவிதைகளை எழுதினார். பலதும் விளையாட்டும் கொஞ்சலும்தான். 'விடை' கவிதையில் மட்டும் ஒரு குழந்தை அம்மாகிட்ட விடைபெறும். நிஜத்தில் அம்மா முந்தியே போயாச்சு. செப்டம்பரில் கல்கத்தாவில் ரேணுகாவும் போனாள்.

மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டா வீட்டிலிருந்தே காசநோய் குணமாகும்னு நம்ம சென்னையில் நடந்த ஆய்வு 1959-ல் காட்டியது. மலையும் வேண்டாம், காத்தும் வேண்டாம். ரேணுகாவுக்கு 56 வருஷம் லேட்.

இன்னிக்கும் இருமல் நின்னுடுச்சுன்னு மாத்திரையைப் பாதியில் நிறுத்தறவங்க இருக்காங்க. அவங்களுக்கு நான் சொல்றது இந்த அப்பா கதையைத்தான்.