வகுப்பும் கையேடும்: சிறிதாக எழுதக் கற்றுத்தர இரண்டு வழிகள்

முகநூலிலும் புலனத்திலும் (வாட்ஸ்அப்) நாலு வரி போட்டாலும் நன்றாகப் போட வேண்டும் என்று நினைப்பவர்களை நம்பி, கோலாலம்பூரில் ஒருவர் சமூக ஊடகக் குறு எழுத்துக்கான வழிகாட்டி நூலைக் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை வாசகரிடம் கொண்டுசேர்ப்பது எப்படி? இதே ஊரில், எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு, எழுதக் கற்றுத்தரும் முயற்சி ஒன்று நூலே இல்லாமல் நடந்து வெற்றியும் பெற்றது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இன்றைய கையேட்டுக்கு எது குறைகிறது என்று தெரியும்.

முதலில் பழையது. 1924இல் நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழில், 1950-51 காலத்தில் ‘கதை வகுப்பு’ நடந்தது. நடத்தியவர்கள் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும். கந்தசாமி வாத்தியார், வானம்பாடி என்ற புனைபெயர்களில் அவர்கள் பாடம் எழுதினார்கள், வாசகர்கள் பயிற்சியாக எழுதி அனுப்பினார்கள், வந்தவை மதிப்பிடப்பட்டன. மலேசியத் தமிழ் இலக்கிய வரலாற்றை எழுதிய மா. இராமையா உள்ளிட்ட பலர் அந்த வகுப்பில் பழகியவர்கள். அதையடுத்து, எப்படி வாசிப்பது என்று சொல்லித்தர ‘ரசனை வகுப்பு’ வந்தது. 1952இல் தமிழ் நேசனுக்கு வந்துசேர்ந்த கு. அழகிரிசாமி, 1957 வரை இங்கே இருந்தபோது இலக்கிய வட்டம் நடத்தி, எழுதியவரை எதிரில் உட்காரவைத்தே கதைகளை அலசினார்.

புதியது, கையேடு. தமிழில் எழுத்துக்கலை நூல்களுக்குப் பஞ்சமில்லை: சுஜாதாவின் ‘திரைக்கதை எழுதுவது எப்படி?’, ஜெயமோகனின் ‘எழுதும் கலை’ என்று பட்டியல் நீளும். சமூக ஊடகக் கையேடு இந்த வரிசையில் கடைக்குட்டி. பதிவு, தலைப்பு வரி, காணொளிக்கான நாலு வாக்கியம், விற்பனைக்கான அறிவிப்பு ஆகியவைதான் அதன் பாடங்கள்.

அளவு

கதை வகுப்பு மாணவருக்கு எல்லை, நாளிதழின் பத்தி. இடம் போதாவிட்டால் ஆசிரியரின் கத்தரி வேலை செய்யும். இன்றைய எல்லையை இயந்திரம் வகுக்கிறது. 2006இல் வந்த ட்விட்டரின் 140 குறியீட்டு எல்லை 2017இல் 280 ஆனது. ஆனால் தமிழில் எழுதுபவருக்கு அது 280 எழுத்து ஆகாது. ‘மலேசியா’ நமக்கு நாலெழுத்து. இயந்திரத்தின் கணக்கில் கொம்பும் கொக்கியும் காலும் தனித்தனி என்பதால் ஏழு. குறுஞ்செய்தியிலும் இதே கதைதான்: ஆங்கிலத்துக்கு 160, தமிழுக்கு 70. மலேசியரான முத்து நெடுமாறனின் செல்லினம் 2005 பொங்கலன்று வெளிவந்தபோது, தமிழில் குறுஞ்செய்தி அனுப்பத் தொடங்கியவர்கள் அந்த எழுபதுக்குள்தான் அன்பையும் அலுவலையும் அடக்கப் பழகினார்கள்.

இந்த விஷயத்தில் கையேட்டின் கை ஓங்கியிருக்கிறது. முகநூல் முதல் சில வரிகளுக்குப் பிறகு பதிவை மடித்துவிடும் என்பதையும், புலனக் குழுவில் நீண்ட செய்தியை யாரும் விரித்துப் படிப்பதில்லை என்பதையும் நூல் ஒரே பக்கத்தில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பக்கம் தமிழுக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். நம் பதிவுகளை ஊதவைப்பவை ‘காரணத்தினால்’, ‘மேற்கொள்ளப்பட்டது’, ‘என்பது குறிப்பிடத்தக்கது’ போன்ற செய்தித்தாள் வால்கள். ஆங்கிலக் கையேட்டைப் பார்த்துத் தமிழாக்கிய விதிகளில் இந்த நோய்க்கு மருந்து இருக்காது.

திருத்தம்

இங்கே தராசு மறுபக்கம் சாய்கிறது. ஒரு மாதிரிப் பதிவை எடுத்துக்கொள்வோம்:

“இன்று மாலை கடுமையான மழை பெய்த காரணத்தினால் கிள்ளான் செல்லும் ரயில் தாமதமாகி, கேஎல் சென்ட்ரலில் காத்திருந்த பயணிகள் அனைவரும் மிகுந்த சிரமத்திற்கு உள்ளானோம்.”

சுருக்கமாக எழுதச் சொல்லும் விதியைப் படித்தவர் இதை “மழை. கிள்ளான் ரயில் தாமதம். பயணிகள் சிரமம்” என்று வெட்டுவார். நீளம் குறைந்தது, படிக்க ஒன்றுமில்லை. கந்தசாமி வாத்தியார் மாதிரி ஒருவர் பக்கத்தில் இருந்தால், “நீங்கள் அங்கே எதைப் பார்த்தீர்கள்?” என்று கேட்டிருப்பார். அந்தக் கேள்விக்குப் பிறகு பதிவு இப்படி மாறும்:

“கேஎல் சென்ட்ரல். கிள்ளான் ரயில் நாற்பது நிமிடத் தாமதம். பக்கத்தில் நின்ற பாட்டி முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து, முன்பின் தெரியாத நாலு பேருக்கு நீட்டினார். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.”

முதல் பதிவைவிட இது சற்று நீளம். ஆனாலும் கடைசி வரி வரை படிக்கலாம். நூலால் விதி சொல்ல முடியும். உங்கள் வாக்கியத்தைப் பார்த்துக் கேள்வி கேட்க அதனால் முடியாது.

நூலை ஆதரிப்பவர்கள், “விருப்பக்குறிகள் இருக்கின்றனவே, அவை தீர்ப்பு ஆகாதா?” என்பார்கள். ஆகாது. விருப்பக்குறி போடுபவர் மாமாவும் அத்தையும் பழைய பள்ளித்தோழரும்தான். அவர்கள் எழுதியவரைப் பார்த்துப் போடுகிறார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழர் வட்டம் சிறியது. இன்று ஒருவரின் பதிவைக் குறை சொன்னால், அடுத்த வாரம் அவரையே கல்யாணப் பந்தியில் சந்திக்க வேண்டியிருக்கும். கதை வகுப்பில் புனைபெயர் இந்தச் சங்கடத்துக்குத் திரை போட்டது: கண்டிப்பது வானம்பாடி என்றால் கோபித்துக்கொள்ள ஆள் கிடையாது.

வகுப்புக்கும் குறை உண்டு. இரண்டே ஆசிரியர்களின் ரசனை அச்சாகி, மாணவர் எல்லாரும் அதே வார்ப்பில் எழுதும் ஆபத்து அதில் இருந்தது. தவறவிட்ட பாடத்துக்குப் பழைய தாளைத் தேட வேண்டும். கையேட்டில் அந்தத் தொல்லை இல்லை. இரவு பதினொரு மணிக்கும் புரட்டலாம், பிடிக்காத அத்தியாயத்தைத் தாண்டலாம்.

விளம்பரம்

கதை வகுப்புக்குத் தனியாக விளம்பரம் தேவைப்படவில்லை. பாடம் வந்த தாளே அதன் விளம்பரம். எழுதி அனுப்பியவர் அடுத்த பாடத்துக்காகவும், தன் பெயர் வருகிறதா என்று பார்க்கவும் தாளை வாங்குவார்.

நூலுக்கு நாம் வைத்திருக்கும் வழி வெளியீட்டு விழா. பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபம், தலைமை தாங்க ஒரு டத்தோ, முதல் நூல் பெறுபவர், மாலை, பொன்னாடை, உணவு. இதை ஏளனம் செய்ய வேண்டியதில்லை. அச்சுச் செலவு அன்றே திரும்புவதால்தான் இங்கே பல நூல்கள் வெளிவரவே முடிகிறது. ஆனால் விழாவுக்கு வருபவர் ஆசிரியருக்கு மரியாதை செய்ய வருகிறார். கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் துணிக்கடை வைத்து, தீபாவளி விற்பனைக்கு நாலு வரி எழுதத் திணறும் பெண்மணி அந்த மண்டபத்தில் இருக்கமாட்டார். நூல் யாருக்காக எழுதப்பட்டதோ அவர் கைப்பேசியில் இருக்கிறார்.

ஆகவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. கையேட்டின் நடுவில் வகுப்பைப் பொருத்துவதுதான் வழி. விழாவை அச்சுச் செலவுக்காக நடத்தட்டும். விற்பனைக்கு, வாரம் ஒரு வாசகரின் பதிவை அவர் சம்மதத்தோடு, பெயரை மறைத்து, முகநூலில் திருத்திக் காட்டட்டும்: முன்பு, பின்பு, ஏன் மாற்றினோம். அந்தத் துணிக்கடைக்காரருக்கு நூலின் பயனை அதைவிட நன்றாகச் சொல்லும் அறிமுக உரை எதுவும் இல்லை. நூலை வாங்கியவர் மூன்று பதிவுகளை அனுப்பித் திருத்தம் பெறலாம் என்று பின்னட்டையிலேயே அச்சிடட்டும். திருத்துபவர் புனைபெயரில் இருந்தால் இன்னும் நல்லது. இதற்கு உழைப்பு கூடும், லாபம் குறையும். ஆனால் விதிகளை மட்டும் அச்சடித்து விற்பவர், மாணவரைச் சேர்த்துவிட்டு வாத்தியாரை நியமிக்காத பள்ளிக்கூடத்தைத்தான் நடத்துகிறார்.