திருமண வீடியோ ஒளிப்பதிவு (தமிழ்நாடு)

திருமண வீடியோ ஒளிப்பதிவு என்பது ஒரு திருமணத்தின் சடங்குகளையும், அதையொட்டி நடக்கும் நலங்கு, மாப்பிள்ளை அழைப்பு, வரவேற்பு போன்ற நிகழ்ச்சிகளையும் படமாகவும் ஒலியாகவும் பதிந்து, தொகுத்து, குடும்பத்தாரிடம் ஒப்படைக்கும் தொழில். இதைச் செய்பவரை வீடியோகிராபர் என்றும், பேச்சுவழக்கில் வீடியோக்காரர் என்றும் சொல்வார்கள். 1980களில் வசதி படைத்த வீடுகளின் ஆடம்பரமாக இருந்த இது, இன்று மண்டபம் பிடித்த கையோடு மேளம், சமையல், மேடை அலங்காரம் ஆகியவற்றுடன் சேர்த்துப் பேசி முடிக்கப்படும் ஏற்பாடாகிவிட்டது. வந்திருக்கும் ஒவ்வொருவர் கையிலும் கைபேசி இருந்தும் இத்தொழிலுக்குத் தேவை இருந்துகொண்டே இருக்கிறது. சடங்கில் அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பதை அறிந்து, அது நடப்பதற்கு முன்பே உரிய இடத்தில் போய் நிற்கும் பயிற்சிதான் அதற்கு முதல் காரணம்.

வரலாறு

வீடியோ வருவதற்கு முன் திருமண நினைவு என்பது பெரும்பாலும் ஸ்டுடியோக்காரர் எடுத்த கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள்தான். மிகச் சில செல்வந்தர் வீடுகளில் 16 மி.மீ. பிலிமில் படம் எடுத்ததுண்டு. 100 அடிச் சுருள் ஒன்று மூன்று நிமிடத்துக்குள் ஓடி முடிந்துவிடும் என்பதால் ஒரு சடங்கை முழுமையாகப் பதிவது இயலாத காரியம். ஒலியும் பெரும்பாலும் இருக்காது.

1976இல் ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் வி.எச்.எஸ். கேசட்டை அறிமுகப்படுத்தியது. 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டி இந்தியாவுக்கு வண்ணத் தொலைக்காட்சி வந்தது. அதே காலத்தில் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் திரும்பியவர்கள் வீடியோ டெக்குகளைக் கொண்டுவந்தார்கள். ஒரு கேசட்டில் மூன்று மணி நேரம் பதியலாம் என்றானதும் முகூர்த்தம் முழுவதையும் எடுத்து வைக்க முடிந்தது. கேசட் ஊர் விட்டு ஊரும், கடல் கடந்தும் போனது. விடுப்பு கிடைக்காமல் அயல்நாட்டில் தங்கிவிட்ட அண்ணனும், போரால் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சிதறிய ஈழத்தமிழ்க் குடும்பங்களும் உடன்பிறந்தவர் திருமணத்தைக் கேசட்டில்தான் கண்டார்கள்.

அக்காலக் கேமராக்களுக்கு வெளிச்சம் ஏராளமாகத் தேவைப்பட்டது. 1,000 வாட் ஹாலஜன் விளக்கை ஒரு லைட்மேன் உயர்த்திப் பிடிக்க, இன்னொருவர் ஒயரை இழுத்துக்கொண்டு பின்னால் வருவார். ஹோமப் புகையோடு அந்தச் சூடும் சேர்ந்து மணமக்களை வியர்வையில் நனைத்தது. நேரடி வெளிச்சத்தில் முகங்கள் வெளுத்து, பின்னணி இருண்டு போனது.

அன்றைய வீடியோக்களின் பெரிய இழப்பு ஒலியில்தான் நேர்ந்தது. 'மிக்ஸிங்' என்ற பெயரில் பூக்களும் இதய வடிவங்களும் திரையில் பறக்க, உண்மையான ஒலியை நீக்கிவிட்டு அதன் இடத்தில் திரைப்பாடல்களை ஏற்றிவிடுவார்கள். நலங்கில் பாட்டி பாடிய பாட்டு, பந்தியில் பெரியப்பா கொடுத்த குரல், மேளக்காரர் வாசித்த ராகம் என எத்தனையோ அப்படி அழிந்தன. இன்று அந்தக் கேசட்டைப் போடும் பேரப்பிள்ளைகள் பாட்டியின் வாய் அசைவதை மட்டுமே பார்க்கிறார்கள்.

1995இல் மினி டிவி (MiniDV) என்ற டிஜிட்டல் கேசட் வந்தபின் கணினியில் தொகுக்கும் முறை பரவியது. 2008இல் வெளியான கேனன் 5டி மார்க் 2, புகைப்படக் கேமராவிலேயே திரைப்படத் தோற்றமுள்ள வீடியோவைச் சாத்தியமாக்கியது. பின்னணி மங்கி முகம் மட்டும் துலங்கும் படங்களும், 'கேண்டிட்' என்று இங்கே அழைக்கப்படும் இயல்பு நிலைப் பதிவும் அதன்பிறகே பெருகின. ஆனால் அந்தக் கேமரா உயர்தரப் பதிவில் சுமார் 12 நிமிடத்தில் தானாக நின்றுவிடும். அதை மறந்தவர்கள் தாலி கட்டும் நேரத்தைத் தவறவிடும் ஆபத்து இருந்தது. சடங்கு முழுவதையும் இடைவிடாமல் எடுக்க ஒரு 'டிரடிஷனல்' வீடியோக்காரர், அழகான தருணங்களுக்கு ஒரு கேண்டிட் கலைஞர் என்று இரு பிரிவாக வேலை பிரிந்ததற்கு இத்தகைய வரம்புகளும் ஒரு காரணம். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது திருமணத்துக்கு 50 பேர் என்ற கட்டுப்பாடு வந்தது. அப்போது பரவிய நேரலை இன்று சாதாரண ஏற்பாடாக நிலைத்துவிட்டது.

முகூர்த்த நேரம்

தாலி கட்டுவது ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் செயல். அதைத் திரும்பச் செய்யச் சொல்ல முடியாது. பெரும்பாலும் அதிகாலை முகூர்த்தம், மண்டபத்தில் போதிய வெளிச்சம் இருக்காது. கெட்டிமேளம் கொட்டியதும் உறவினர் அனைவரும் எழுந்து மேடையை நோக்கி நகர்வார்கள். அட்சதை பறக்கும், நீட்டிய கைபேசிகள் திரைபோல் மறைக்கும். மணமகன் குனிவதால் அவர் முதுகே மணமகளின் முகத்தை மறைத்துவிடும். பல சமூகங்களில் முதல் முடிச்சை மட்டும் மணமகன் போட, மற்ற இரண்டையும் நாத்தனார் பின்னால் நின்று போடுவார். எனவே மணமகளின் முகத்துக்கு ஒரு கேமரா, கையும் முடிச்சும் தெரிய இன்னொரு கேமரா எனக் குறைந்தது இரண்டு வேண்டும். ஆள் கிடைத்தால் மூன்றாவது கேமராவைப் பெண்ணின் பெற்றோரை நோக்கி வைப்பது நல்லது. தாலி ஏறும் கணத்தில் அப்பாவின் முகத்தில் என்ன இருந்தது என்பதை மணமகள் அப்போது பார்த்திருக்க வாய்ப்பில்லை.

பயிற்சி பெற்றவரின் அருமை இங்கேதான் தெரியும். முந்தைய நாளே புரோகிதரிடம் பேசி, அவர் எந்தப் பக்கம் உட்காருவார், தாலித் தட்டு எந்த வழியாகப் போய்வரும், பெரியவர்கள் அதைத் தொட்டு ஆசீர்வதிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்றெல்லாம் கேட்டுவைப்பார். தமிழ்நாட்டில் ஒவ்வொரு சமூகத்துக்கும் சடங்கு வேறு, வரிசை வேறு, உச்சத் தருணமும் வேறு. பிராமணத் திருமணத்தில் காசியாத்திரை, மாலை மாற்றல், ஊஞ்சல் எனத் தொடங்கிச் சப்தபதி வரை கவனம் சிதறக்கூடாது. கொங்கு வேளாளர் திருமணத்தில் அருமைக்காரர் நடத்தும் சீர்களும், அங்கே பாடப்படும் மங்கல வாழ்த்தும் தெளிவாகப் பதிய வேண்டியவை. நகரத்தார் வீடுகளில் தாலி கட்டுவதைத் திருப்பூட்டுதல் என்பார்கள். அங்கே கழுத்திரு என்ற தாலி அணியை அணிவிக்கும் சடங்குக்குத் தனி இடம் உண்டு. சுயமரியாதைத் திருமணத்தில் புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை. 1967இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த இந்துத் திருமணச் சட்டத் திருத்தம் இதற்குச் சட்ட ஏற்பளித்தது. இங்கே தலைமை தாங்குபவரின் பேச்சும் மணமக்களின் உறுதிமொழியுமே திருமணத்தின் உயிர் என்பதால், பேச்சை வெட்டிவிட்டு மாலை மாற்றுவதை மட்டும் வைத்தால் வீடியோவில் திருமணமே இருக்காது. தேவாலயத் திருமணத்தில் ஒப்பந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் காதில் விழ வேண்டும். நிக்காஹ்வில் ஆண்கள் சபையும் மணமகள் இருக்கும் இடமும் பல ஊர்களில் தனித்தனி. பெண்கள் பகுதிக்குப் பெண் ஒளிப்பதிவாளரைக் கேட்கும் குடும்பங்கள் உண்டு, அந்த விருப்பம் மதிக்கப்பட வேண்டியது.

ஒலியும் ஒளியும்

படம் சற்றுக் குலுங்கினாலும் பார்த்துவிடலாம், ஒலி கெட்டால் ஒன்றும் மிஞ்சாது. கைபேசியும் எளிய கேமராக்களும் ஒலியளவைத் தானாகச் சரிசெய்பவை. நாதஸ்வரமும் தவிலும் உச்சத்தில் ஒலித்தவுடன் கருவி தன் செவியை இறுக்கிக்கொள்ளும். கெட்டிமேளம் நின்ற பின்னும் சில நொடிகளுக்கு மந்திரமும் பேச்சும் அமுங்கியே கேட்கும். அனுபவமுள்ளவர் ஒலியளவைக் கையால் நிலைநிறுத்துவார். மணமகனின் சட்டையிலோ புரோகிதரின் அருகிலோ சிறிய மைக் வைத்துத் தனிப் பதிவுக் கருவியில் இன்னொரு படி எடுத்துக்கொள்வார்.

வெளிச்சத்திலும் இப்படி ஒரு நுணுக்கம் உண்டு. இந்திய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் அலைவில் வருவதால், ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால்தான் பல விளக்குகளின் துடிப்பு படத்தில் தெரியாது. வரவேற்பு மேடையில் இப்போது வைக்கப்படும் எல்.இ.டி. திரைகளும் கவனிக்காவிட்டால் படம் முழுக்கக் கோடு கோடாக விழும்.

உறவினர் எடுக்கும் கைபேசி வீடியோக்களைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. முதல் நாள் இரவு மணமகள் அறையில் அக்கா தங்கைகள் சிரிக்கும் சிரிப்பை அவர்களில் ஒருவரால்தான் எடுக்க முடியும். ஆயினும் அவை பல கைகளில் சிதறிக் கிடக்கும், வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது தரம் குறையும், கைபேசி மாறினால் காணாமல் போகும். முழுப் பொறுப்பையும் ஒரு சித்தப்பாவிடமோ மைத்துனரிடமோ ஒப்படைத்தால், அவர் அன்று கல்யாணத்துக்கு வந்தும் வராதவராகிவிடுவார். வீடியோவில் அவர் முகமும் இருக்காது.

தொகுப்பு

இப்போது ஒரு திருமணத்துக்கு மூன்று வகைப் படங்கள் தருவது வழக்கம். இணையத்தில் பகிர ஒரு நிமிட அளவில் டீசர், பாடலோடு சில நிமிடங்களில் ஹைலைட்ஸ், இரண்டு மூன்று மணி நேர முழு வீடியோ. முதலிரண்டுக்கும் கிடைக்கும் பாராட்டில் மூன்றாவதைச் சிலர் வேண்டாம் என்று விடுகிறார்கள். அது தவறான சிக்கனம். இருபது ஆண்டு கழித்து ஒரு குடும்பம் தேடுவது மெதுவாக நடந்துவரும் மணமக்களை விட, பந்தி வரிசையிலும் மொய் மேசையிலும் உட்கார்ந்திருந்த மனிதர்களை. அவர்களில் பலர் அப்போது இருக்க மாட்டார்கள்.

நிறத் திருத்தம் என்ற பெயரில் முகங்களை வெளுப்பாக்குவது இத்தொழிலில் இன்றும் ஒழியாத குறை. மாநிறமும் கறுப்பும் உள்ள முகத்துக்கு ஏற்ப ஒளியை அமைப்பதே திறமை. மணமகளைத் தன் முகமே தனக்கு அடையாளம் தெரியாதபடி மாற்றித் தருவது அவருக்குச் செய்யும் அவமதிப்பு. வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் நல்ல தொகுப்பாளர் கேட்டுக்கொள்வார்.

ஒப்பந்தமும் சட்டமும்

ஆடி, மார்கழி மாதங்களில் பெரும்பாலான இந்துக் குடும்பங்கள் திருமணம் வைப்பதில்லை. தையிலும் வைகாசியிலும் வரும் பெரிய முகூர்த்த நாட்களில் எல்லா மண்டபங்களும் ஒரே சமயத்தில் நிரம்பும். அந்நாட்களில் ஒரே ஸ்டுடியோ பல திருமணங்களை ஒப்புக்கொண்டு வெளி ஆட்களை அனுப்புவதுண்டு. காட்டிய மாதிரி வீடியோவை எடுத்தவர்தான் நம் வீட்டுக்கும் வருகிறாரா, இரண்டு நினைவு அட்டைகளில் ஒரே நேரத்தில் பதியும் கேமரா வைத்திருக்கிறாரா, ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் மாற்று ஆள் யார், எப்போது ஒப்படைப்பார் என்பதையெல்லாம் அட்வான்ஸ் தருமுன் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. பணம் பெற்றுச் செய்யும் சேவை என்பதால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதற்குப் பொருந்தும்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆவது பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே அத்தகைய படத்தின் முதல் உரிமையாளர். ஸ்டுடியோ தன் விளம்பரத்துக்கு வீடியோவைப் பயன்படுத்த விரும்பினால், அதற்கு அனுமதி தரவும் மறுக்கவும் குடும்பத்துக்கு உரிமை உண்டு. திருமண நிகழ்ச்சியில் பாடல்களை ஒலிக்கச் செய்வதற்கு அதே சட்டத்தின் 52ஆவது பிரிவு விலக்கு அளிக்கிறது. திரைப்பாடலை வீடியோவில் சேர்த்து இணையத்தில் ஏற்றுவது வேறு விஷயம். அப்படி ஏற்றும் வீடியோக்களின் ஒலி முடக்கப்படுவது அடிக்கடி நடக்கிறது. 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனை வணிக நோக்கில் பறக்கவிடுபவரிடம், 2021 ட்ரோன் விதிகளின்படி தொலை இயக்குநர் சான்றிதழ் இருக்க வேண்டும். விமான நிலையங்களை ஒட்டிய பகுதிகளில் முன்அனுமதியும் வேண்டும்.

பாதுகாப்பு

வினாடிக்கு 100 மெகாபிட் அளவில் பதியும் 4கே வீடியோ மணிக்குச் சுமார் 45 ஜி.பி. இடம் பிடிக்கும். இரண்டு கேமராவில் இரண்டு நாள் நிகழ்ச்சி என்றால் எடுத்ததை எல்லாம் நெடுநாள் வைத்திருக்க ஸ்டுடியோவால் முடியாது. சில மாதங்களில் அழித்துவிடுவார்கள். அதற்குள் மூலப் பதிவையும் கேட்டு வாங்கி, வெவ்வேறு வீடுகளில் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் வைக்க வேண்டும். பென் டிரைவ் கொடுத்து வாங்க மட்டுமே, சேமித்து வைக்க ஏற்றதன்று.

பழைய கேசட்டுகளுக்கு அவசரம் இன்னும் அதிகம். வி.சி.ஆர். கருவிகளைக் கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. நம் ஊர் ஈரப்பதத்தில் நாடாவில் பூஞ்சை எளிதில் படரும். வெண்பொடி படிந்த கேசட்டை அப்படியே டெக்கில் போட்டால் நாடா அறுந்துபோகலாம், பூஞ்சை டெக்கிலும் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். முதலில் நாடாவைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்து, அதன்பின் டிஜிட்டலுக்கு மாற்ற வேண்டும். மாற்றிய பிறகும் மூலக் கேசட்டை எறியாமல் உலர்ந்த இடத்தில் நிமிர்த்தி வைப்பது முறை.