பி.டி.ஆர். கால்வாய்: யார் இந்த பி.டி.ராஜன்? உத்தமபாளையத்து வக்கீல் மாகாண அமைச்சரான கதை

முல்லைப் பெரியாறு அணையில் தண்ணீர் இருப்பு திருப்தியாக இருந்தால், வடகிழக்குப் பருவமழை சமயத்தில் தேனி மாவட்டத்துக்கு ஒரு உத்தரவு வரும். பி.டி.ஆர். கால்வாய்க்கும் தந்தை பெரியார் கால்வாய்க்கும் தண்ணீர் திறக்கச் சொல்லும் உத்தரவு. மலர் தூவி மதகைத் திறக்கும் போட்டோவோடு செய்தி முடிந்துவிடும்.

தந்தை பெரியார் யார் என்று யாரும் கேட்கப் போவதில்லை. பக்கத்தில் இருக்கும் பி.டி.ஆர். யார் என்று கேட்டால், முன்னாள் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பெயரைச் சொல்பவர்கள் தான் அதிகம். அவர் பேரன். கால்வாய்க்குப் பெயர் தந்தவர் தாத்தா, பொன்னம்பல தியாகராஜன் என்கிற பி.டி.ராஜன். இன்னொரு விஷயம்: உத்தரவில் ஒரே வரியில் வரும் இந்த இரண்டு பேரும் 1944-ல் எதிரெதிர் அணியில் நின்றவர்கள்.

கால்வாய் யாருக்குத் தண்ணீர் தருகிறது?

லோயர் கேம்ப்பில் இருந்து பழனிசெட்டிபட்டி வரை கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் பாசனம். ஜூன் மாதம் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பது இந்த வயல்களுக்குத் தான். பழைய வாய்க்கால்கள் எட்டாத, மேட்டுப் பாங்கான நிலங்களுக்கு அது கிடையாது. அவற்றுக்காக வந்தவை தான் பி.டி.ஆர்., தந்தை பெரியார் கால்வாய்கள். உத்தமபாளையம் வட்டத்தில் 1,830 ஏக்கர், தேனி வட்டத்தில் 2,865 ஏக்கர், போடி வட்டத்தில் 451 ஏக்கர். மொத்தம் 5,146 ஏக்கர், எல்லாமே ஒருபோகம். வினாடிக்கு 100 கன அடி வீதம் 120 நாள் என்பது வழக்கமான கணக்கு. அணையில் தண்ணீர் குறைவாக இருக்கும் வருஷத்தில் முதலில் அடி வாங்குவதும் இந்த ஒருபோக நிலங்கள் தான்.

அணையைக் கட்டியவரா?

இல்லை. ஊர்ப் பேச்சில் பென்னிகுயிக்கையும் ராஜனையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வது உண்டு. முல்லைப் பெரியாறு அணை 1895-ல் திறக்கப்பட்டது. ராஜன் பிறந்தது 1892-ல், உத்தமபாளையத்தில். அணைத் தண்ணீர் பள்ளத்தாக்குக்குள் இறங்கியபோது அவருக்கு மூன்று வயது.

வசதியான குடும்பம். சிறு வயதிலேயே இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பினார்கள். கேம்பிரிட்ஜில் லேஸ் பள்ளி, அதன்பிறகு ஆக்ஸ்ஃபோர்டு ஜீசஸ் கல்லூரியில் வரலாறும் சட்டமும். பாரிஸ்டராகத் திரும்பி வந்தவர் கொஞ்ச காலம் தான் வக்கீல் தொழில் பார்த்தார். நீதிக்கட்சியில் சேர்ந்து 1920-ல் சென்னை மாகாண சட்டமன்றத்துக்குத் தேர்வானார். 1937 வரை அந்த அவையில் அவர் உறுப்பினர்.

அன்றைய தேர்தலை இன்றைய தேர்தல் மாதிரி நினைக்கக் கூடாது. சொத்து, வரி அடிப்படையில் தான் ஓட்டுரிமை. 4 கோடிக்கும் மேல் மக்கள் இருந்த மாகாணத்தில் 1920-ல் வாக்காளர்கள் சுமார் 12.5 லட்சம் பேர். வயலில் நாற்று நட்டவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஓட்டு கிடையாது.

அமைச்சர் தான், ஆனால் எதற்கு அமைச்சர்?

1930-ல் முனுசாமி நாயுடு அமைச்சரவையில் ராஜன் வளர்ச்சித் துறை அமைச்சரானார். வேளாண்மை, தொழில், கூட்டுறவு போன்றவை இந்தத் துறைக்குள் வரும். பின்னால் பொதுப்பணித் துறையும் அவரிடம் வந்தது.

பொதுப்பணித் துறை என்றதும் அணை, மதகு, கால்வாய் தானே ஞாபகம் வரும்? அன்றைக்கு அப்படி இல்லை. 1919-ம் ஆண்டு சட்டப்படி நடந்தது இரட்டை ஆட்சி. கல்வி, உள்ளாட்சி, சுகாதாரம், வேளாண்மை, சாலைகள், கட்டடங்கள் ஆகியவை இந்திய அமைச்சர்களிடம். போலீஸ், நிதி, நில வரி, நீர்ப்பாசனம் எல்லாம் கவர்னரிடமும் அவரது நிர்வாகக் குழுவிடமும். அந்தக் குழு சட்டமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

அதாவது கம்பம் பள்ளத்தாக்கில் இருந்து போன ஒருவர் மாகாண அமைச்சராகவே இருந்தாலும், தன் ஊர் வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் விடலாம் என்பதைத் தன் கையெழுத்தில் முடிவு செய்ய முடியாது. விதை, கூட்டுறவுக் கடன், தொழில் உதவி அவர் பக்கம். தண்ணீரும் வரியும் வெள்ளைக்காரன் பக்கம். இன்றைக்கு அவர் பெயர் இருப்பதோ ஒரு பாசனக் கால்வாயில்.

அவர் அமைச்சராக இருந்த வருஷங்கள் உலகப் பொருளாதார மந்தத்தின் வருஷங்கள். விளைபொருள் விலை சரிந்தது, கடன் மட்டும் அப்படியே நின்றது. 1932-ல் சென்னை கூட்டுறவுச் சங்கச் சட்டமும், 1934-ல் கூட்டுறவு நில அடமான வங்கிச் சட்டமும் வந்தது இந்தக் காலத்தில் தான். நிலத்தை அடமானம் வைத்து, வட்டிக்காரரிடம் போகாமல் நீண்ட காலக் கடன் வாங்கலாம் என்பது இரண்டாவது சட்டத்தின் நோக்கம். அதிலும் ஒரு குறை: அடமானம் வைக்க நிலம் இருந்தால் தானே கடன்?

142 நாள் முதல்வர்

1932-ல் நீதிக்கட்சிக்குள் கோஷ்டிச் சண்டை. ராஜனும் சக அமைச்சர் குமாரசாமி ரெட்டியாரும் ராஜினாமா செய்ய, முனுசாமி நாயுடுவின் ஆட்சி கவிழ்ந்தது. பொப்பிலி ராஜா முதல் மந்திரியானார். ராஜினாமா செய்த இருவரும் புது அமைச்சரவையிலும் அமைச்சர்கள். இன்றைய அரசியலில் இதற்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

1936-ல் பொப்பிலி ராஜா சில மாதங்கள் பொறுப்பில் இல்லாதபோது, ஏப்ரல் 4 முதல் ஆகஸ்ட் 24 வரை ராஜன் முதல் மந்திரியாக இருந்தார். கணக்குப் போட்டால் 142 நாள். 142 என்றதும் தேனிக்காரர்களுக்கு அணையின் நீர்மட்டம் தான் ஞாபகம் வரும். அது 2014-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த அடிக்கணக்கு, இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. முன்னாள் முதல்வர்கள் பட்டியலில் ராஜன் பெயர் வருவது இந்த 142 நாளால் தான்.

இந்த அரசின் மீது மக்களுக்குக் கோபமும் இருந்தது. விலை சரிந்தபோதும் நில வரிச் சுமை இறங்கவில்லை. வரி கவர்னர் பக்கத்து விஷயம் என்ற சட்ட விளக்கம் விவசாயியிடம் எடுபடுமா? அதே நேரத்தில் அமைச்சர்களின் மாதச் சம்பளம் 4,333 ரூபாய்க்கு மேல். பக்கத்தில் இருந்த மத்திய மாகாணத்தில் 2,250 ரூபாய் தான். இதைக் காங்கிரஸ் மேடைக்கு மேடை பேசியது. 1937 தேர்தலில் 215 இடங்களில் காங்கிரஸ் 159-ஐப் பிடித்தது. நீதிக்கட்சி சுருண்டது. ராஜாஜி அமைச்சரவை வந்ததும் அமைச்சர் சம்பளம் 500 ரூபாயானது.

பெரியாருடன் ஏன் பிரிந்தார்?

தோற்றுப்போன நீதிக்கட்சிக்கு 1938-ல் பெரியார் தலைவரானார். அப்போது அவர் சிறையில். 1944 ஆகஸ்ட் 27, சேலம் மாநாட்டில் கட்சியின் பெயர் திராவிடர் கழகம் என்று மாறியது. பிரிட்டிஷ் அரசு தந்த பட்டங்களையும் பதவிகளையும் கட்சிக்காரர்கள் விட்டுவிட வேண்டும் என்று அண்ணா கொண்டுவந்த தீர்மானமும் அங்கே நிறைவேறியது.

'சர்' பட்டம் வாங்கியிருந்த ராஜன் அந்தப் பக்கம் போகவில்லை. பட்டம் மட்டுமே காரணம் என்று சொன்னால் அவருக்கு அநியாயம். தேர்தலில் நின்று சட்டமன்றம் போவது தான் அவர் அறிந்த அரசியல். பெரியார் தேர்தலே வேண்டாம் என்றார். சாமி விஷயத்தில் இடைவெளி இன்னும் பெரிது. பழைய பெயரிலேயே நீதிக்கட்சியைத் தொடர்ந்தவர்களில் ராஜன் முக்கியமானவர், பிறகு அதன் தலைவரும் ஆனார்.

1952: ஒரே ஒரு ஆள்

எல்லோருக்கும் ஓட்டு என்று வந்த பிறகு நடந்த முதல் பொதுத் தேர்தல். நீதிக்கட்சி நின்றது வெறும் 9 தொகுதிகளில். ஜெயித்தது ஒன்றில், கம்பத்தில் பி.டி.ராஜன். சொத்து இருந்தவர்களின் ஓட்டில் 1920-ல் அவைக்குப் போனவர், 32 வருஷம் கழித்து எல்லோருடைய ஓட்டிலும் சொந்தப் பள்ளத்தாக்கில் இருந்து போனார்.

375 பேர் கொண்ட அந்த அவையில் காங்கிரசுக்கு 152 இடம் தான், பெரும்பான்மை இல்லை. புது உறுப்பினர்களுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைக்கும் தற்காலிக சபாநாயகர் ஆனவர் ராஜன். கட்சிக்கு அவர் ஒருவர் தான், ஆனாலும் அவையின் முதல் நாற்காலி சில நாள் அவருடையது.

சபரிமலைக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

1950-ல் சபரிமலை கோயிலில் தீ விபத்து. அடுத்த வருஷம் பிரதிஷ்டை செய்யப்பட்ட ஐம்பொன் ஐயப்பன் சிலை ராஜன் தரப்பில் வழங்கப்பட்டது. சிலையைத் தமிழகம் முழுக்க ஊர்வலமாகக் கொண்டு போனதில் நாடகக் கலைஞர் நவாப் ராஜமாணிக்கமும் இருந்தார். இன்று கார்த்திகை, மார்கழியில் கம்பம், குமுளி சாலையை நிறைக்கும் ஐயப்ப பக்தர் கூட்டத்தின் வளர்ச்சியில் அந்த ஊர்வலத்துக்குப் பங்கு உண்டு. 1963-ல் மதுரை மீனாட்சி அம்மன் கோயில் குடமுழுக்குத் திருப்பணியிலும் அவர் முன்னால் நின்றார்.

குடும்பம் எந்தக் கட்சியில்?

பெரியாரிடம் இருந்து பிரிந்தவரின் மகன், பெரியாரிடம் இருந்து பிரிந்து வந்த தி.மு.க.வில் சேர்ந்தார். பி.டி.ஆர்.பழனிவேல்ராஜன் 1967-ல் தேனி தொகுதியில் ஜெயித்தவர், 1996 முதல் 2001 வரை சட்டப்பேரவைத் தலைவர். அப்பா சில நாள் உட்கார்ந்த நாற்காலியில் மகன் ஐந்து வருஷம். 2006-ல் அறநிலையத் துறை அமைச்சராகிச் சில நாட்களிலேயே காலமானார். பேரன் பழனிவேல் தியாகராஜன் 2021-ல் இருந்து 2023 வரை நிதியமைச்சர், பிறகு தகவல் தொழில்நுட்பத் துறைக்கு மாற்றப்பட்டார்.

பி.டி.ராஜன் காலமானது 1974 செப்டம்பர் 25. அதற்கு ஒன்பது மாதம் முன்பு, 1973 டிசம்பரில், பெரியார் மறைந்திருந்தார்.