லாக் இன்

லாக் இன் என்பது கணினியிலோ இணையதளத்திலோ தன் பெயரையும் கடவுச்சொல்லையும் தந்து, தனக்குரிய கணக்கைத் திறப்பதைக் குறிக்கும் ஆங்கிலக் கூட்டுவினை. வினையாக வரும்போது இரண்டு சொற்களாகவும், பெயராக வரும்போது ஒரே சொல்லாகவும் எழுதுவார்கள். லாக் ஆன் என்பதும் ஏறக்குறைய இதே பொருளில் வழங்குகிறது. வெளியேறுவதற்கு லாக் அவுட், லாக் ஆஃப் இரண்டும் உண்டு. தமிழ் இணையதளங்களில் 'உள்நுழை' என்பதே பெருவழக்கு. தமிழ் விக்கிப்பீடியா 'புகுபதிகை' என்கிறது.

பூட்டைக் குறிக்கும் லாக்கும் இந்த லாக்கும் தமிழ் எழுத்தில் ஒன்றுபோலவே தெரியும். அதனால் கணக்கின் பூட்டைத் திறப்பதுதான் லாக் இன் என்று எண்ண இடமுண்டு. உண்மையில் இந்த லாக்குக்குப் பொருள் மரக்கட்டை. அந்தக் கட்டை கணினிக்கு வந்து சேர்ந்தது கடல் வழியாக.

கரை கண்ணுக்குத் தெரியாத நடுக்கடலில் கப்பலின் வேகத்தை அறிய, ஐரோப்பிய மாலுமிகள் ஒரு கட்டையைக் கயிற்றில் கட்டிப் பின்புறமாக நீரில் போட்டார்கள். கட்டை போட்ட இடத்திலேயே ஏறக்குறைய நிற்க, கப்பல் விலகிச் செல்லும். குறிப்பிட்ட நேரத்துக்குள் எவ்வளவு கயிறு ஓடுகிறதோ, அதுவே வேகத்தின் அளவு. இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் போர்ன் 1574இல் வெளியிட்ட கடற்பயண நூலில் இம்முறையை விவரித்திருக்கிறார். பின்னாளில் கட்டை கால்வட்ட வடிவப் பலகையாக மாறியது. நீரில் நிமிர்ந்து நிற்பதற்காக அதன் வளைந்த விளிம்பில் ஈயம் பதித்தார்கள். கயிற்றில் சம இடைவெளியில் முடிச்சுகள் போட்டார்கள். 28 விநாடி ஓடும் மணற்கடிகாரத்துக்கு முடிச்சுகளின் இடைவெளி 47 அடி 3 அங்குலம். மணல் தீர்வதற்குள் ஐந்து முடிச்சு கை கடந்தால், கப்பல் மணிக்கு ஐந்து கடல் மைல் போகிறது என்று பொருள். முடிச்சைக் குறிக்கும் 'நாட்' என்ற சொல்லையே இன்றைய கப்பல்களும் விமானங்களும் வேக அளவாகக் கொண்டிருக்கின்றன.

அளந்ததை முதலில் பலகையில் எழுதி, பிறகு ஏட்டில் ஏற்றினார்கள். அந்த ஏடுதான் லாக் புக். வேகத்தோடு திசை, காற்று, வானிலை, கப்பலில் நடந்தவை எல்லாம் அதில் இடம்பெற்றன. 19ஆம் நூற்றாண்டில் 'லாக்' வினையாகவும் புழங்கி, ஏட்டில் பதிதல் என்ற பொருளைப் பெற்றது. கட்டை மறைந்து, பதிவு மட்டும் நின்றது.

கணினிக்கு இந்த வினை தேவைப்பட்டதன் காரணம் நேரக்கணக்கு. ஒரு கணினியைப் பலர் ஒரே சமயத்தில் பகிர்ந்துகொள்ளும் சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு உருவாக்கி 1961 நவம்பரில் இயக்கிக் காட்டியது. கணினி நேரம் அப்போது விலைமிக்க பொருள். ஒவ்வொருவருக்கும் இவ்வளவுதான் என்று பங்கு உண்டு. எனவே யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்று பதிவாக வேண்டியிருந்தது. வரவுக்கு லாக் இன், செலவுக்கு லாக் அவுட் என்ற கட்டளைகள் அங்கே பயன்பட்டன. கணினிக் கடவுச்சொல்லும் அந்த அமைப்பிலேயே வளர்ந்தது. தன் பங்கு போதாத ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், 1962இல் கடவுச்சொல் கோப்பையே அச்சிட்டு எடுத்து, பிறர் கணக்கில் நுழைந்து வேலை செய்தார். அவர் எடுத்தது பிறருடைய நேரத்தை என்பது, அக்காலத்தில் எது காவலுக்குரியதாக இருந்தது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் முதன்முதலாக அனுப்ப முயன்ற சொல்லும் இதுவே. 1969 அக்டோபர் 29 இரவு, லாஸ் ஏஞ்சலஸில் இருந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து மாணவர் சார்லி கிளைன், ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தின் கணினிக்கு லாக் இன் கட்டளையைத் தட்டினார். எல், ஓ ஆகிய இரண்டு எழுத்துகள் போனதும் எதிர்முனைக் கணினி நின்றுவிட்டது. அதைச் சரிசெய்து, ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து முழுக் கட்டளையையும் அனுப்பினார்கள். அன்று நடந்ததற்கு எஞ்சியிருக்கும் நேரடிச் சான்று, லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வகத்தின் லாக் புக்கில் இரவு 10:30 என நேரமிட்டுக் கையால் எழுதிய ஒரு குறிப்பு.